பூசைக்கு விரித்த பக்கம்

ஆயுத பூசையன்று சித்தையன்கோட்டைக் கடைவீதியில் பொட்டு வைத்துக்கொள்ளாத இரும்பு ஒன்றுகூட இருக்காது. பஞ்சர் கடைக் காற்றுப் பம்பு முதல் பரோட்டாக் கடை கிரைண்டர் வரை அன்றைக்குக் குளித்து முழுகி, மாலை போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். மறுநாள் காலையில் மறுபூசை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. மனுசனுக்குக் கிடைக்காத லீவு.

முத்துப்பேச்சியின் ரத்தம் பார்க்கிற கடையிலும் அப்படித்தான். கடை என்றால் அவளுக்குக் கோபம் வரும். லேப் என்று சொல்ல வேண்டும். ஜெய்தூன் பீவியின் தையல் கடையை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை. முன்னால் ஒரு பெஞ்சு, பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் மைக்ராஸ்கோப்பும் ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற மெஷினும். திண்டுக்கல்லில் படித்து, இரண்டு வருடம் பெரிய லேப் ஒன்றில் கைவேலை பழகி, கழுத்தில் கிடந்ததை அடகு வைத்துப் போட்ட இடம். ஐந்து வருடத்தில் சுற்றுப்பட்டில் அவளுக்கு மூன்று விதமாகப் பேர். ஒன்று, பேச்சி குத்தினால் வலிக்காது. இரண்டு, அவள் கையெழுத்து. செம்பட்டி டாக்டர் தன் கம்பவுண்டரிடம் அவள் சீட்டைக் காட்டி, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று திட்டியிருக்கிறார். மூன்று, அவளிடம் போனது வெளியே வராது. இந்த மூன்றாவது எங்கள் தெருவுக்கு அவ்வளவாகப் பிடிக்காத குணம். ஒருத்திக்கு என்ன காய்ச்சல் என்று கேட்டால், "காய்ச்சல்தேன்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

அப்படிப்பட்டவள் கையில் ஒரு போன் இருந்தது, அதுதான் வினை. திண்டுக்கல்லில் கல்யாண ஆல்பம் போடுகிற மோகன்குமார் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனான்: "அக்கா, நீங்க நல்லா வேலை பாக்குறது ஒங்களுக்குத் தெரியும். ஆத்தூர்க்காரனுக்கு எப்பிடித் தெரியும்? தெனம் ஒன்னு போடுங்க. ஹெச்.டி.யில போடுங்க, அப்பத்தேன் மெசினு பளிச்சுன்னு இருக்கும்." அன்றிலிருந்து விடிந்தால் வாட்ஸாப் ஸ்டேட்டஸ். சர்க்கரை நோயாளி கால் விரலைக் கவனிக்க வேண்டும், டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்று ஏதாவது ஒன்று. ஆத்தூரிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மோகன்குமார் சொன்னதில் பொய்யில்லை.

பூசைப் படம் பகல் பதினொன்றரைக்கு ஏறியது. மைக்ராஸ்கோப்புக்குச் செவ்வந்தி மாலை, சுற்றுகிற மெஷினுக்குக் கோழிக்கொண்டை, ஊசி டப்பாவுக்குக்கூட மூன்று விரல் சந்தனம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, பொரி, கடலை, அவல், சுண்டல். இலைக்கு நேர் நடுவில் லேப் நோட்டு, விரித்தபடி. வலது பக்கம் வெள்ளைத் தாள். அதில் பிள்ளையார் சுழி போட்டு நாலு மூலையிலும் சந்தனம் தொட்டிருந்தாள். இடது பக்கம் போன வாரம் எழுதி முடித்த பக்கம். கடைவீதியில் எல்லாரும் நோட்டைப் பூசைக்கு வைப்பதுதான். எல்லாரும் மூடி வைப்பார்கள்.

மணி இரண்டுக்கு வீட்டில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. புருசன் பாண்டியராஜ் லோடு ஆட்டோக்காரன். பூசைக்காக மூன்று நாளாகக் கண் மூடாமல் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிவிட்டு, வாசல் அறையில் விழுந்து கிடந்தான். அவனைத் தாண்டிக்கொண்டு ஜெய்தூன் பீவி உள்ளே வந்தாள். ஐம்பது வயசு. எப்போதும் கழுத்தில் தொங்குகிற அளவு டேப் அன்றைக்கும் தொங்கியது.

"ஏ பேச்சி, ஒம் போனு எங்க?"

"சார்ஜுல கெடக்கு. வாங்கக்கா, வடை எடுத்துக்கங்க."

"வடை கெடக்கட்டும். அடுப்ப அமத்து. மொதல்ல அந்தப் போட்டோவ அழி."

"ஏன்க்கா, சாமி படம் தலைகீழாத் தெரியுதா?"

"சாமி நல்லாத்தேன் இருக்கு. கீழ பாரு." ஜெய்தூன் தன் போனில் படத்தை இரண்டு விரலால் விரித்தாள். இலை பெரிசானது, பொரி பெரிசானது, நோட்டு பெரிசானது. "ஊசியில நூல் கோக்க எனக்குக் கண்ணாடி வேணும். ஒங் கையெழுத்தக் கண்ணாடி இல்லாமப் படிக்க முடியுதுடி."

படிக்க முடிந்தது. ஏழு பெயர். ஒவ்வொன்றுக்கும் வயசு, ஊர், என்ன சோதனை, என்ன முடிவு. முடிவு சரியில்லாததற்கெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. டாக்டர் கண்ணில் பட வேண்டும் என்று அவளே பழகிக்கொண்ட பழக்கம். ஐந்தாவது, பூ எடை போடுகிற கருப்பணன், சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு, ஒரு கோடு. ஆறாவது, ஆனந்த்ராஜ், முப்பத்தேழு வயசு, விந்துப் பரிசோதனை, உயிரணு என்ற கட்டத்தில் பூச்சியம். இரண்டு கோடு.

முத்துப்பேச்சி அடுப்பை அணைத்தாள். வடை எண்ணெய்க்குள்ளேயே கிடந்தது.

"மூடி வச்சிருக்கலாம்ல புள்ள."

"கவனிக்கலக்கா" என்றாள்.

ஸ்டேட்டஸை அழிப்பதற்கு முன்னால் யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தாள். இருநூற்று நாற்பத்து மூன்று பேர். பெயர்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே போனாள். செம்பட்டி டாக்டர். நாத்தனார். பால்காரர். கருப்பணன். கீழே, பதினொன்று ஐம்பத்திரண்டு மணிக்கு, 'அம்பிகா மதினி பூத்தோட்டம்'. ஆனந்த்ராஜின் பொஞ்சாதி. பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'சித்தை சொந்தங்கள்' குழுவிலும் அந்தப் படத்தைப் போட்டிருந்தாள். அதையும் அழித்தாள். அதற்குள் யாரோ அந்த ஆறாவது வரியை மட்டும் வெட்டி, வட்டம் போட்டு, மூன்று சிரிப்புப் பொம்மையோடு திரும்ப விட்டிருந்தார்கள். அது யார் என்று இன்றுவரை தெரியாது. கீழத் தெருக்காரர்கள் மேலத் தெருவைச் சொல்கிறார்கள். நாங்கள் கீழத் தெருவைச் சொல்கிறோம்.

லேப்புக்கு ஓடினாள். பூசையில் வைத்ததை மறுபூசைக்கு முன்னால் எடுக்கலாமா என்று வாசலில் ஒரு நிமிசம் நின்றாள் என்பதைச் சொன்னால் சிரிப்பு வரும். நின்றாள். பிறகு போய் நோட்டை மூடினாள். வலது பக்கத்து ஈரச் சந்தனம் இடது பக்கத்துப் பெயர்களில் போய் அப்பிக்கொண்டது.

ஆனந்த்ராஜுக்கும் அம்பிகாவுக்கும் கல்யாணமாகி எட்டு வருசம். ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் செவ்வந்தியும் மல்லிகையும் போட்டிருக்கிறார்கள். பிள்ளையில்லை. இல்லாததற்கு யார் காரணம் என்பதில் ஊருக்குச் சந்தேகமே வந்ததில்லை. மாமியார் பேச்சாயி தண்ணிக் குழாயடியில் வைத்து, "எங் குடும்பம் இவளோட முடிஞ்சுச்சு" என்று சொல்லும்போது அம்பிகா பக்கத்திலேயே குடம் பிடித்துக்கொண்டிருப்பாள். வளைகாப்புக்குக் கூப்பிடுவார்கள், வளையல் போடுகிற நேரத்தில் அவளுக்குச் சமையல்கட்டில் ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவளும் போய் அப்பளம் பொரிப்பாள்.

போன புதன்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு அவள்தான் லேப்பின் பின்வாசலுக்கு வந்தாள். தலையில் பூக்கூடை, இடுப்பு மடிப்புக்குள் மூடி போட்ட சின்ன டப்பா. அந்தச் சோதனைக்கு எடுத்தது அரை மணிக்குள் வந்து சேர வேண்டும், உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போனால் அதுவே முக்கால் மணி. இல்லையென்றால் உள்ளூரில் வந்திருக்க மாட்டாள்.

"பேச்சி, வெளிய..."

"மதினி, இந்தச் செவுத்தத் தாண்டாது" என்று அன்றைக்கு முத்துப்பேச்சி சொன்னாள். சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

மறுநாள் முடிவைக் கேட்டுக்கொண்டு அம்பிகா கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அவருகிட்ட நான் மெதுவாச் சொல்லிக்கிறேன். இப்பைக்கிக் கொஞ்சம் கம்மியா இருக்குன்னு மட்டும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, ஆனந்த்ராஜுக்குத் தன் பூச்சியம் தெரியாது. ஊருக்குத் தெரிந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

அதை மறுநாள் காலை பாண்டியராஜ் வந்து சொன்னான். கடைவீதி முக்கில் கருப்பணன் பூ எடை போடுகிற கொட்டகையில் லோடு ஏற்றிவிட்டு, பத்து மணிக்குச் சாப்பிட வந்தவன், இட்டிலியைப் பிட்டு வைத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தான்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல."

"வெஞ்சனம் பத்தலையா?"

"ஆனந்து பூக் கொண்டாந்தான். ரெண்டு மூட்டை. தராசுல வைக்கிறான். நம்ம கருப்பணன் பெரியாளு இருக்காருல்ல, ஏலே அப்பு, செவ்வந்தி மட்டும் ஒனக்கு இம்புட்டுப் பூக்குதே, எப்பிடிலேன்னு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சாய்ங்க. அவனுக்கு ஒன்னும் வெளங்கல. அவனுஞ் சேந்து சிரிச்சான்."

முத்துப்பேச்சி சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெறகு ஒருத்தன் போனக் காட்டுனான். பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். மூட்டையத் தராசுலயே விட்டுட்டு நடந்து போயிட்டான். வண்டியக்கூட எடுக்கல. நாந்தேன் அத ஆட்டோவுல ஏத்திக் கொண்டுபோயி அவக வீட்டு வாசல்ல எறக்குனேன்."

"கருப்பணன் மாமா பேரும் அந்தப் பக்கத்துல இருக்கே. சீனி முந்நூத்திப் பதினெட்டு."

"அதுனாலதேன். அவரு சீனியப் பத்தி ஆரும் பேசிரக் கூடாதுல்ல."

அவள் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஏதாச்சும் திட்டுறதுன்னா திட்டுங்க."

"என்னத்தத் திட்ட. நீ சாப்டியா?"

திட்டியிருந்தால் எதிர்த்து ஏதாவது பேசியிருப்பாள். கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு முத்துப்பேச்சி மூன்று முறை அம்பிகா வீட்டுக்குக் கிளம்பினாள். முதல் முறை தெருமுனை வரை போய்க் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது முறை மறுபடி கொத்தமல்லி வாங்கினாள். மூன்றாவது முறை காய்க்காரம்மா, "கொத்தமல்லியில சோறாக்கப் போறியா?" என்று கேட்டதும் வாங்காமலேயே திரும்பிவிட்டாள். நேரில் போய் நின்றால் என்ன சொல்வது? மன்னிச்சிருங்க மதினி என்றால், எதற்கு என்று கேட்பாள். கவனிக்கவில்லை என்று ஜெய்தூனிடம் சொன்னதை அங்கேயும் சொல்ல முடியுமா என்பது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மோகன்குமார் போன் பண்ணினான். "அக்கா, கேள்விப்பட்டேன். பயப்புடாதீங்க. மூணு நாளைக்கு ஒன்னும் போடாதீங்க. சனம் மறந்துரும். நாலா நாள் நான் ஒரு டிசைன் அனுப்புறேன். ஒரு பூட்டுப் படம் போட்டு, உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்புன்னு."

"வச்சிருப்பா" என்று அவள் போனை வைத்தாள்.

லேப்புக்கு ஆள் வரத்து குறையவில்லை. அதுதான் வேடிக்கை. பெஞ்சு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்து, தலை சுற்றுகிறது, கை வலிக்கிறது என்று எதையாவது சொல்லி, சுற்றிச் சுற்றி ஆனந்த்ராஜிடமே வந்து நின்றார்கள். "நெசந்தானா பேச்சி? மெசினு பொய் சொல்லாதுல்ல?" ஐந்து வருடமாக அவள் வாயைப் பிடுங்க முடியாதவர்களுக்கு இப்போது ஒரு உரிமை வந்துவிட்டது போல. "ஒனக்கென்ன, நீ எழுதித்தான போட்டுருக்க" என்றாள் ஒருத்தி. முத்துப்பேச்சி அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.

கொட்டகையில் அது நடந்த மூன்றாம் நாள் உச்சி வெயில். தாண்டிக்குடி மலைப்பக்கம் மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறதே தவிர இறங்கவில்லை. புழுக்கத்தில் தகரக் கூரை முறுகிச் சத்தம் போட்டது. கடைவீதி சாப்பாட்டுக்கு அடங்கிய நேரம். பின்வாசல் கதவு தட்டுகிற சத்தம்.

அம்பிகா நின்றாள். தலையில் பூக்கூடை. கூடையில் பூ இல்லை. ஒரு உரச் சாக்கு, வாய் கட்டியது. இறக்கி வைத்தபோது உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டின.

"இத இங்கன வச்சுக்க."

"என்னது மதினி?"

"தோட்டத்து மருந்து. செடிக்கு அடிக்கிறது. அம்புட்டையும் எடுத்தாந்துட்டேன். வீட்ல எங்க ஒளிச்சு வைக்கன்னு தெரியல."

முத்துப்பேச்சி சாக்கை உள்ளே இழுத்தாள். திரைக்குப் பின்னால், நோயாளி உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்தாள். அம்பிகா நின்றபடியே முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"எங்க இருக்காரு?"

"மோட்டார் ரூம்ல. மூணு நாளாச்சு. வீட்டுக்கு வரல. சோறு கொண்டுபோனா வாங்கி வச்சுக்கிறாரு, திங்கல. பக்கத்துத் தோட்டத்துப் பையனக் காவலுக்கு ஒக்கார வச்சுட்டு வந்துருக்கேன். எங்க மாமியா வந்து, எவளோ ஒருத்தி என்னமோ எழுதுனதுக்கு நீ ஏன்டா இப்பிடிக் கெடக்கன்னு கத்துது. அதுகிட்டக்கூட வாயத் தொறக்கல."

"மதினி, என்னய ரெண்டு அறை அறைங்க."

"அறைஞ்சு?"

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முத்துப்பேச்சி பேசத் தொடங்கினாள். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். "எல்லார்ட்டயும் கவனிக்கலன்னு சொன்னேன். பொய். கவனிச்சேன் மதினி. மொத நோட்ட மூடித்தேன் வச்சேன். போட்டோவுல பாத்தா என்னமோ மளிகைக் கட நோட்டு மாதிரி இருந்துச்சு. தொறந்து வச்சா, பக்கம் பூரா எழுதியிருக்கும், இம்புட்டுக் கூட்டம் வருதான்னு பாக்குறவுக நெனைப்பாகன்னு... அதுக்காகத் தொறந்தேன். பேரு தெரியும்னு நெனைக்கல. ஆனா தொறந்தது நாந்தேன்."

அம்பிகா அவளைப் பார்த்தாள். கோபப்பட்ட முகமாக இல்லை. தராசில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற முகமாக இருந்தது.

"சரி. அப்ப நான் கேக்குறத நீ செய்யணும்."

"சொல்லுங்க."

"தப்பா எழுதிட்டேன்னு சொல்லு."

"மதினி?"

"பேரு மாறிப்போச்சுன்னு சொல்லு. வேற ஆரோட ரிசல்ட்டயோ அவரு பேருக்கு நேரா எழுதிட்டேன், அவருக்கு ஒன்னுமில்லன்னு போடு. எதுல போட்டியோ அதுலயே போடு."

"நான் அப்பிடி எழுதுனா, பேரு மாத்தி எழுதுற லேப்புக்கு ஆரு மதினி வருவா? டாக்டர் அனுப்புவாரா? எங்கிட்ட இருக்குறதே அது ஒன்னுதான."

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்பிகா. குரலை உயர்த்தவில்லை. "அது ஒன்னுதேன் இருக்குன்னு தெரிஞ்சுதேன் கேக்குறேன்."

முத்துப்பேச்சி கேட்டாள்: "அவருக்கு ஒன்னுமில்லன்னு நான் சொல்லிட்டா, பெறகு ஊரு ஒங்களத்தான சொல்லும்? இப்பயாச்சும் நெசம் தெரிஞ்சிருக்கு. எட்டு வருசமா ஒங்களப் பேசுனவளுக வாயெல்லாம் மூடிக் கெடக்கு. திரும்பவும் ஏன் மதினி..."

"எனக்குப் பழகிப்போச்சு பேச்சி. குழாயடியில பேசுறதும் பழகிப்போச்சு, அப்பளம் பொரிக்கிறதும் பழகிப்போச்சு. அவருக்கு இது புதுசு. மூணு நாள்கூடத் தாங்கல." சாக்கின் வாய்க்கட்டை ஒருதரம் இறுக்கினாள். "நான் எட்டு வருசம் தாங்கியிருக்கேன். இன்னும் தாங்குவேன். நீ எழுது."

முத்துப்பேச்சி நோட்டை எடுத்தாள். சந்தனம் காய்ந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கிடந்தன; பிரிக்கும்போது தாள் கொஞ்சம் உரிந்துகொண்டு வந்தது. பிள்ளையார் சுழி போட்ட அந்தப் புதுப் பக்கத்திலேயே எழுதினாள். 'பூசைப் படத்தில் இருந்த பக்கத்தில் ஆனந்த்ராஜ் என்ற பெயருக்கு நேரே, வெளியூர் ஒருவருடைய முடிவைத் தவறுதலாக எழுதிவிட்டேன். ஆனந்த்ராஜுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பக்கத்தில் உள்ள அனைவரின் பெயரும் வெளியே தெரிந்ததும் என் தவறு. அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் இலவசமாக மறுபடி பார்த்துத் தருகிறேன். முத்துப்பேச்சி.' படம் எடுத்து, ஹெச்.டி.யில் போட்டாள். ஸ்டேட்டஸ், குழு, பேஸ்புக் எல்லாவற்றிலும்.

அம்பிகா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள். "எடுப்பா இருக்கு" என்றாள். வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே போனாள்.

மோகன்குமார் உடனே கூப்பிட்டான். "அக்கா, அஞ்சு வருசம் கட்டுனத அஞ்சு வரியில இடிச்சிட்டீங்களே" என்றான். அவனுக்கு உண்மையாகவே வருத்தம். செம்பட்டி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டு அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஒரு வாரத்தில் பெஞ்சில் தூசி படிந்தது. வருகிற ஒன்றிரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டே, "எதுக்கும் திண்டுக்கல்லுலயும் ஒரு வாட்டி பாத்துக்கிறோம், தப்பா நெனைக்காத" என்றார்கள். ஜெய்தூன் பீவி ஒருநாள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பேச்சி, நீ பேரு மாத்தி எழுதுற ஆளில்லையே."

"எழுதிட்டேன்க்கா."

"ம்" என்றாள் ஜெய்தூன். அடுத்த கொக்கியை எடுத்தாள். அவள் கேட்காமல் விட்டது, தெருவில் மற்றவர்கள் கேட்டதைவிடக் கனமாக இருந்தது.

ஆனால் ஆனந்த்ராஜ் மோட்டார் ரூமை விட்டு வந்தான். நம்பி வந்தானா, நம்புகிற மாதிரி இருந்ததால் வந்தானா, அது அவனுக்கும் அம்பிகாவுக்கும் உள்ளது. நாங்களும் எவ்வளவோ முயன்று பார்த்தோம், தெரியவில்லை. நாலாம் நாள் காலையில் இரண்டு மூட்டைச் செவ்வந்தியோடு கொட்டகைக்கு வந்தான். கருப்பணன் தராசைத் துடைத்து வைத்து, "எனக்கு அன்னைக்கே தெரியும்லே அப்பு, அந்தப் புள்ள மாத்தித்தேன் எழுதியிருக்கும்னு" என்றார். உட்காரச் சாக்கு எடுத்துப் போட்டார், டீ சொன்னார். தனக்குச் சீனி என்று எழுதியதும் அதே மாதிரித் தப்புத்தான் என்று கையோடு ஜிலேபியும் வாங்கிவரச் சொன்னார்.

அது முத்துப்பேச்சி காதுக்கு வந்தது. அன்று சாயங்காலமே கொட்டகைக்குப் போனாள். "மாமா, ஒங்களுது சரியான ரிசல்ட்டு. முந்நூத்திப் பதினெட்டு. ஜிலேபி திங்காதீக. டாக்டரப் பாருங்க."

கருப்பணன் பாகு ஒட்டின விரலை நக்கிக்கொண்டே சிரித்தார். "ஒரு பக்கத்துல ஒன்னு தப்பாம், இன்னொன்னு சரியாம். எதத்தா நம்ப?"

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த மூன்று இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பொய் சொன்னால் அது ஒருத்தர் வீட்டோடு நிற்கும் என்று நினைத்திருந்தாள்.

ஐப்பசி பிறந்து நாலு நாள் நல்ல மழை. அந்த ஈரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, முன்வாசல் திரையை விலக்கிக்கொண்டு பேச்சாயி வந்தாள். கையில் குடை. பின்னால் அம்பிகா, நனைந்த தலையோடு.

"இந்தா பேச்சி, எம் மகனுக்கு ஒன்னுமில்லன்னு நீயே ஊரறிய எழுதிப் போட்டுட்ட. நல்லாயிருப்ப. அவனுக்கு ஒன்னுமில்லன்னா அப்ப ஆருக்கு இருக்கு? இவளுக்குத்தான. குடும்பத்துக்கும் ஓசில பாக்குறேன்னு போட்டிருக்கியாம்ல. பாரு. என்னென்ன இருக்கோ அம்புட்டையும் எடுத்துப் பாரு." பெஞ்சுத் தூசியை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். "ரிசல்ட்ட இவ கையில குடுக்காத. எங்கிட்டக் குடு. கடைவீதியில நாலு பேரு முன்னால படிச்சுக் காட்டச் சொல்லணும்."

அம்பிகா முக்காலியில் உட்கார்ந்து, கேட்காமலேயே இடது கையை நீட்டினாள். திரும்ப எடுத்துப் போகிறவரை மூன்று நாள் மருந்துச் சாக்கு கிடந்த இடம் அவள் காலடியில்தான். முத்துப்பேச்சி ரப்பர் குழாயைக் கட்டினாள். நல்ல நரம்பு, தடிமனாக, பச்சையாக, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். பஞ்சால் துடைத்தாள். குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசியை உள்ளேயே திருப்பினாள், வரவில்லை. எடுத்தபோது தோலுக்கடியில் நீலமாகப் பொங்கியது.

"என்ன, இன்னைக்கி இப்பிடிக் குத்துற" என்றாள் பேச்சாயி பெஞ்சிலிருந்து.

அம்பிகா அந்தக் கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ரவிக்கையின் வலக் கையை மேலே ஏற்றிவிட்டு அந்தக் கையை நீட்டினாள்.

"இதுல குத்து. எனக்கு வலிக்கல."

முத்துப்பேச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ரத்தம் வந்தது. கண்ணாடிக் குழாய் நிறைகிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேரப் பாத்து எழுது" என்றாள் பேச்சாயி. "மறுபடி மாத்திப்புடாத. அம்பிகா. ஆனந்த்ராஜ் பொஞ்சாதி. எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுது."

நோட்டை விரித்தாள். சந்தனக் கறைக்குக் கீழே, புது வரியில் எழுதினாள். குத்துத் தவறிய அதே கைதான். எழுத்து மட்டும் எப்போதும் போல முத்து முத்தாக விழுந்தது.